கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைப் படம் எடுத்தால் வானம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் பாறை கறுத்துப்போகிறது. என்ன செய்வது?

முதலில் வானத்தைக் காப்பாற்றுங்கள். வெளுத்துப்போன இடத்தில் சென்சாரிடம் (கேமராவில் ஒளியைப் பதியும் சில்லு) தகவலே இருக்காது, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருண்ட பகுதியை, ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால், 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தாராளமாகத் தூக்கலாம். ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைக் குறையுங்கள். சூரிய வட்டம் மட்டும் வெளுத்தால் பரவாயில்லை.

பிராக்கெட்டிங் செய்து (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து) மூன்று படங்களை இணைக்கச் சொல்வார்கள். அங்கே அலையும் படகும் நகர்ந்துகொண்டே இருக்கும், இணைத்தால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். கிராஜுவேட்டட் ஃபில்டரும் (லென்ஸின் முன் வைக்கும், மேல்பாதி மட்டும் இருண்ட கண்ணாடி) சரிவராது: 133 அடி வள்ளுவர் சிலை அடிவானத்தைத் தாண்டி நிற்பதால் அதன் மேல்பாதியும் சேர்ந்து கறுக்கும்.

நானாக இருந்தால் சிலையை முழு நிழலுருவமாகவே விடுவேன். அப்போது எல்லாமே வெளிக்கோட்டில்தான் இருக்கிறது. சிலையும் விவேகானந்தர் மண்டபமும் ஒன்றை ஒன்று மறைத்தால் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். கரையில் நடந்து, நடுவே வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். புதுக் கண்ணாடிப் பாலமும் அந்த இடைவெளியில் மெல்லிய கோடாக விழும். காலடியில் ஈரப் பாறை இருந்தால் கேமராவைத் தாழ்த்துங்கள். வானத்தின் நிறம் அதில் பட்டு, படத்தின் கீழ்ப்பாதிக்கும் வெளிச்சம் கிடைக்கும்.