‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: என் ஏஐ ஏஜென்டுக்கு இரண்டு டூல்கள் கொடுத்திருக்கிறேன். ஒன்று பெயரை வைத்து ஃபைலைத் தேடும், இன்னொன்று ஃபைலுக்குள் இருக்கும் வரிகளைத் தேடும். விளக்கங்கள்: ‘ஃபைல்களைத் தேடும்’, ‘ஃபைல்களில் தேடும்’. ஏஜென்ட் அடிக்கடி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுக்கிறது. சில சமயம், இருக்கிற ஃபைலையே இல்லை என்கிறது. விளக்கத்தை எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் இரண்டு விளக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வேற்றுமை உருபுதான். அதை மட்டும் வைத்து, ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. டூலின் கோடு (நிரல்) அதற்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், பேராமீட்டர்கள் (டூலுக்குக் கொடுக்கும் உள்ளீடுகள்), அவற்றுக்கு நீங்கள் எழுதிய குறிப்புகள், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும்.

எனவே ஒவ்வொரு விளக்கத்திலும் மற்ற டூலையும் சுட்டிக்காட்டுங்கள். ‘ஃபைலின் பெயரோ பெயரில் ஒரு பகுதியோ தெரிந்தால் இதைப் பயன்படுத்து; உள்ளே இருக்கும் வாசகம் மட்டும் தெரிந்தால் மற்றதற்குப் போ’ என்று எழுதினாலே குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டூலின் பெயரிலும் இந்த வேறுபாடு தெரியட்டும்.

அப்புறம், தேடல் வடிவம். ‘பேட்டர்ன்’ என்று ஒரு பேராமீட்டர் வைத்துவிட்டு, அது க்ளாபா (glob, ஃபைல் பெயர்களுக்கான எளிய தேடல் வடிவம்) ரெஜெக்ஸா (regex, எழுத்து வரிசைகளை விவரிக்கும் விரிவான வடிவம்) என்று சொல்லாமல் விடுவது நிறைய இடங்களில் நான் பார்க்கும் தவறு. ‘2023*’ என்று மாடல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ளாபில் அதற்கு ‘2023 என்று தொடங்கும் பெயர்கள்’ என்று பொருள். ரெஜெக்ஸிலோ ‘202, அதன் பின் 3 எத்தனை முறை வந்தாலும், வராவிட்டாலும் சரி’ என்று பொருள். 2021, 2024 எல்லாமே வந்து விழும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் தவறு நடந்ததே தெரியாது. எந்த வகை என்று சொல்லி, கூடவே ஓர் உதாரணமும் கொடுங்கள். க்ளாப் என்றால், ஒற்றை நட்சத்திரம் ஃபோல்டர் எல்லையைத் தாண்டுமா, அதற்கு இரட்டை நட்சத்திரம் வேண்டுமா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இனி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். டூல் என்ன செய்யும் என்று எல்லோரும் எழுதுகிறோம், அது எதைப் பார்க்காது என்று எழுதுவதில்லை. பல ஏஜென்டுகளுக்கு அடியில் இயங்கும் ரிப்க்ரெப் (ripgrep) என்ற தேடல் நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமாக மாற்றாத வரை, மறைந்த ஃபைல்கள், கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் .gitignore ஃபைலில்) குறிப்பிட்டவை, பைனரி ஃபைல்கள் (படம் போன்ற, வெறும் எழுத்தாக இல்லாதவை) ஆகியவற்றை அது விட்டுவிட்டுத்தான் தேடும். மனிதருக்கு இது வசதி. ஆனால் விளக்கத்தில் இது இல்லையென்றால், பூஜ்ய முடிவு வந்ததும் மாடல் ‘அப்படி எதுவும் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லிவிடும். ஒரு செட்டிங் எங்குமே பயன்படவில்லை என்று என் ஏஜென்ட் சொன்னதை நம்பி, அதை நீக்கும் வரை போயிருக்கிறேன். அது ஒரு மறைந்த ஃபோல்டரில் பயன்பாட்டில் இருந்தது.

முடிவுகளின் உச்சவரம்பும் இப்படித்தான். முதல் 100 மட்டும் வரும் என்றால் அதைச் சொல்லுங்கள், எந்த வரிசையில் என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 100 கிடைத்ததும் மொத்தமே அவ்வளவுதான் என்று மாடல் எண்ணிக்கொள்ளும்.

பெயர் தேடும் டூலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘ஃபைல் பெயரை வைத்துத் தேடும், உள்ளடக்கத்தைப் படிக்காது. பேட்டர்ன் க்ளாப் வடிவில் இருக்க வேண்டும், ரெஜெக்ஸ் அல்ல. உதாரணம்: **/அறிக்கை* என்றால் எந்த ஃபோல்டரிலும் அறிக்கை என்று தொடங்கும் பெயர்கள். ஃபோல்டர் பாதையை முழுமையாகக் கொடு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. மறைந்த ஃபைல்களும் கிட்இக்னோரில் உள்ளவையும் தேடப்படாது; அவையும் வேண்டுமென்றால் ‘எல்லாம்’ என்ற பேராமீட்டரை இயக்கு. கடைசியாகத் திருத்தியவை முதலில் வரும், அதிகபட்சம் 100. முடிவு பூஜ்யம் என்றால் ஃபைல் இல்லை என்று முடிவு கட்டாதே. பாதையைச் சரிபார், பேட்டர்னைத் தளர்த்தி மறுபடி தேடு.’

இதற்கு மேல் நீட்ட வேண்டாம். டூல் விளக்கங்களும் மாடலின் சூழலில் (context, அது ஒரே சமயத்தில் படிக்கக்கூடிய அளவில்) இடம் பிடிப்பவை. டூல் திருப்பித் தரும் செய்தியிலும் கொஞ்சம் வேலை பாருங்கள். வெறும் வெற்றுப் பட்டியலுக்குப் பதில், ‘இந்த ஃபோல்டரில் 412 ஃபைல்களைத் தேடியாயிற்று, பொருத்தம் இல்லை, மறைந்தவை சேர்க்கப்படவில்லை’ என்று வந்தால் மாடல் அடுத்த அடியைத் தானே சரியாக வைக்கும்.

தமிழ்ப் பெயர்கள் கொண்ட ஃபைல்கள் இருந்தால் இன்னொன்று. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், அப்படியே ஒப்பிடும் டூலுக்கு வேறு வேறு. இதை விளக்கத்தில் எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தேடும் சொல், ஃபைல் பெயர் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடும்படி கோடிலேயே சரிசெய்யுங்கள்.

எழுதி முடித்ததும், ஏஜென்ட் தவறிய பத்துப் பதினைந்து கேள்விகளை எடுத்து, அதே ஃபோல்டரில் மறுபடி ஓட்டுங்கள். எந்த டூலை எடுத்தது, என்ன பேட்டர்ன் கொடுத்தது என்று லாகை (ஏஜென்டின் செயல் பதிவை)ப் படியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும்.