எயிட்ஸ் வீடியோ ஆருக்குப் போடுறியள்? – டொக்டரிட்டக் கேளுங்கோ

கேள்வி: வணக்கம் டொக்டர், டிசம்பர் 1 உலக எயிட்ஸ் நாளுக்கு எங்கட சனசமூக நிலையத்தில ஒரு வீடியோ போடுவம் எண்டு இருக்கிறம். யூடியூப்பில தேடினா மண்டையோடும், எலும்பும் தோலுமாக் கிடக்கிற ஆக்களும், அழுகை மியூசிக்கும்தான் வருது. கடலுக்குப் போறவை, அம்மாமார், ஏ.எல் படிக்கிற பெடியள், முஸ்லிம் குடும்பங்கள் எண்டு எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறம். எதைப் போடலாம்?
– வாசகர், குருநகர்

பதில்: தம்பி, முதல்ல அந்த மண்டையோட்டு வீடியோவை விடுங்கோ. அது மருந்து இல்லாத காலத்து நிலை. 1996 அளவில கூட்டு மருந்து வந்தாப் பிறகு எல்லாம் மாறிட்டுது, இப்ப கன பேர் ஒரு நாளைக்கு ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு வேலை, கலியாணம், பிள்ளை குட்டி எண்டு நல்லா இருக்கினம். பயப்படுத்தினாச் சனம் கவனமா இருக்கும் எண்டு நினைக்கினம், ஆனா பயந்த மனுசன் டெஸ்ட் எடுக்கப் போகமாட்டான், ஒளிப்பான், அதாலதான் எனக்கு உந்த வீடியோக்களில அவ்வளவு கோபம்.

ரெண்டாவது, எல்லாரையும் ஒரே ஹோலில இருத்திப் போடாதேங்கோ. மாமியாருக்குப் பக்கத்தில இருக்கிற மருமகள் கொண்டம் பற்றி வாய் திறந்து கேப்பாளோ? அம்மாமாருக்குப் புறம்பாப் போடுங்கோ, உங்கட ஏரியா மிட்வைஃபைக் கூப்பிடுங்கோ, அவவிட்டச் சனம் கூச்சமில்லாமக் கதைக்கும். கடற்தொழில் ஆக்களுக்கு வலை பொத்துற நேரத்தில கரையிலயே லாப்டொப்பில போடலாம். முஸ்லிம் குடும்பங்கள் எண்டா மௌலவியோட முதலே கதைச்சு வீடியோவை அவருக்குக் காட்டிப்போட்டு, பொம்பிளையளுக்குப் பொம்பிளையே விளங்கப்படுத்திற மாதிரி ஒழுங்கு செய்யுங்கோ.

வீடியோ பத்து நிமிசம் போதும், மிச்ச நேரம் கேள்விக்கு. நுளம்புக் கேள்வி கட்டாயம் வரும், டெங்குவில அடிபட்ட ஊர் இது, "டெங்கு பரவுது, அப்ப இது ஏன் பரவாது" எண்டு கேக்கிறது நியாயமான கேள்விதான். அந்த இடத்தில வீடியோவை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்கோ: டெங்கு வைரஸ் நுளம்புக்குள்ள பெருகி அதின்ர எச்சிலுக்கு வருது, எயிட்ஸைக் கொண்டுவாற எச்.ஐ.வி வைரஸ் நுளம்புக்குள்ள பெருகாது, அது ரத்தத்தோட சேர்ந்து சமிச்சுப்போகும். நுளம்பு குத்தேக்க உள்ள விடுறது தன்ர எச்சிலைத்தான், முதல் ஆளின்ர ரத்தத்தை இல்லை. ஒரே பிளாவில கள்ளுக் குடிச்சாலும், ஒரே கோப்பையில சாப்பிட்டாலும், ஒரே கக்கூசுக்குப் போனாலும் தொத்தாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஒராள் பாவிச்ச ஊசி, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு, இவ்வளவுதான் வழி.

தமிழ்நாட்டு வீடியோ போட்டாக் கடைசியில வாற போன் நம்பர் இஞ்ச உதவாது, அதை நீங்கள்தான் சொல்லவேணும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில பாலியல் நோய் கிளினிக் இருக்கு, காசில்லை, ஆரிட்டயும் கடிதம் வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை, விஷயம் வெளிய போகாது. ஏதும் பிழையா நடந்திட்டுது எண்டா 72 மணித்தியாலத்துக்குள்ள போனா தடுப்பு மருந்து தொடங்கலாம், 28 நாள் போடவேணும். இதைச் சொல்லாம விட்டா வீடியோ போட்டும் பிரயோசனமில்லை.

கேள்வி: மகள் பத்தாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில எயிட்ஸ் பற்றிக் கார்ட்டூன் வீடியோ போட்டவையாம். இது பிள்ளையளைக் கெடுக்காதோ?
– ஒரு தாய், வட்டுக்கோட்டை

பதில்: கெடுக்காது அம்மா. பாலியல் கல்வி குடுத்தாப் பிள்ளையள் வேளைக்கு உறவுக்குப் போறேல்ல எண்டு யுனெஸ்கோவே ஆராய்ச்சியளைப் பார்த்துச் சொல்லியிருக்கு. உங்களைப் போல பெற்றோரின்ர கூச்சத்தை யோசிச்சே செய்த வீடியோக்களும் இருக்கு. 2007 அளவில இந்தியாவில கன மாநிலங்கள் பள்ளிக்கூடத்தில பாலியல் கல்வியை நிப்பாட்டினவை, அந்த நேரம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில பியா சோர்க்கார் செய்த ஆராய்ச்சியில இருந்துதான் டீச்எயிட்ஸ் அனிமேஷன் வந்தது. கூச்சப்படுத்திற காட்சி இல்லாமக் கீறின பாத்திரங்களை வைச்சு விளங்கப்படுத்தும், தமிழிலயும் இருக்கு, சும்மா பார்க்கலாம். பின்னேரம் மகளோட இருந்து நீங்களும் ஒருக்காப் பாருங்கோ.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி இருக்கு, மருந்து ஒழுங்காப் போடுறன். போன வருசம் எங்கட ஊரில வீடியோ போட்டவை. பார்த்துப்போட்டு வந்த என்ர மச்சாள் "உப்பிடியான ஆக்களைக் கிணத்தடிக்கும் விடக்கூடாது" எண்டா. அவவுக்கு என்ர விஷயம் தெரியாது. இரவு முழுக்க அழுதன்.
– பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை நாலைஞ்சு தரம் வாசிச்சன். கிணத்தால தொத்தாது, துலாக்கயித்தால தொத்தாது, உங்கட கையால குடுக்கிற தேத்தண்ணியாலயும் தொத்தாது. மச்சாளின்ர மனதில வெறும் பயத்தை ஏத்தி அனுப்பினது அந்த வீடியோதான், போட்டவை அதுக்குப் பொறுப்பு.

மருந்தை ஒழுங்காப் போட்டு வைரல் லோட் டெஸ்டில, அதாவது ரத்தத்தில எவ்வளவு வைரஸ் இருக்கு எண்டு பார்க்கிற டெஸ்டில, வைரஸ் பிடிபடாத அளவுக்கு வந்து, அப்பிடியே நிண்டா உடலுறவாலயும் மற்றவைக்குத் தொத்தாது, உலகம் முழுக்க டொக்டர்மார் ஏற்ற விஷயம் இது. தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொத்துறதை இல்லாமலாக்கின நாடு எண்டு இலங்கைக்கு 2019ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்தது, இதுகளையும் வீடியோவில காட்டவேணும்.

மச்சாளுக்கு உங்கட விஷயத்தைச் சொல்லவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை, சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஊர் மிட்வைஃபிட்ட "எங்கட ஊரில திரும்ப ஒருக்கா, மருந்து பற்றியும் சொல்லுற வீடியோவாப் போடச் சொல்லுங்கோ" எண்டு ஆரும் கேக்கலாம், நீங்களும் ஊர்ப் பொம்பிளையாக் கேக்கலாம். அடுத்த வைரல் லோட் டெஸ்ட் எப்ப எண்டு கிளினிக்கில கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ, ரிசல்ட் வந்தா எனக்கும் எழுதுங்கோ.