பிள்ளையிடம் சொன்னீர்களா?

வணக்கம் அம்மா,

என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி மூன்றரைக்கு விட்டுவிடும். நானும் கணவரும் வீடு திரும்ப ஏழாகிவிடும். மூன்று வருடமாக எதிர்வீட்டுப் பெரியம்மாதான் அவனைக் கூட்டி வந்து பார்த்துக்கொண்டார். இந்த மாதக் கடைசியில் அவர் மகளோடு போய் இருக்கப்போகிறார். இன்னும் இரண்டு வாரம்தான். விசாரித்த இரண்டு காப்பகங்களிலும் இடமில்லை. சாவியைக் கொடுத்து வீட்டில் தனியாக இருக்கச் சொல்லலாமா, இல்லை நான் வேலையை விட்டுவிடுவதா? ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. பயந்துவிடுவான் என்று அவனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் தவிப்புதான் தெரிந்தது. இரண்டாம் முறை, "அவனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

சாவி வேண்டாம். என்றைக்கோ ஒருநாள் அரைமணி நேரம் தனியாக இருப்பது வேறு, தினமும் மூன்றரை மணி நேரம் இருப்பது வேறு. பிரிட்டனில் சட்டம் இதற்கு வயது எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே குழந்தைகள் நலனுக்காக வேலை செய்கிறவர்கள், 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நீண்ட நேரம் தனியே விடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். கதவைப் பூட்டத் திறக்க உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது தப்பாகிப்போனால் என்ன செய்வது என்று அந்த நிமிடத்தில் யோசிக்க எட்டு வயதில் வராது.

வேலையை விடுவது பற்றி. "நான் விட்டுவிடுவதா" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நீங்கள்? உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஏழு மணிக்கு வீடு திரும்புவதற்கு மட்டும்தான் வருகிறார். தூக்கம் போனது உங்களுக்கு மட்டும்தானா? இன்றைக்கே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். வாரத்தில் ஒருநாள் அவர் சீக்கிரம் வரட்டும், ஒருநாள் நீங்கள் வாருங்கள். ஐந்து நாள் கவலை மூன்று நாளாகிவிடும். பள்ளி ஒரு நேரத்திலும் அலுவலகம் ஒரு நேரத்திலும் முடிவது நீங்கள் செய்த தப்பு இல்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு கிடைக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று 1989இலேயே ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18ஆவது பிரிவில் எழுதியாகிவிட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரமும் சேர்த்து நாளுக்கு எட்டு மணி நேரம் பராமரிப்பு பெறும் உரிமையை ஜெர்மனி 2021இல்தான் சட்டமாக்கியது. அதுவும் 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பில் தொடங்கி, வகுப்பு வகுப்பாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஒரு நாடே இத்தனை வருடம் எடுத்துக்கொண்ட விஷயத்தை இரண்டு வாரத்தில் தீர்க்க முடியவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆள் தேடுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், பள்ளி வாசலில் நிற்கிற மற்ற பெற்றோரிடம் கேளுங்கள். இதே தவிப்பில் இன்னும் இரண்டு வீடாவது இருக்கும், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காப்பகங்களில் இடமில்லை என்றாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்து வையுங்கள். யாரிடம் விட்டாலும் அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். பிள்ளையை அழைத்துப்போகிறவர் பெயரைப் பள்ளியில் மறக்காமல் மாற்றி எழுதிக் கொடுங்கள்.

சரி, இப்போது அந்த வரி.

எனக்கு ஏழு வயதில் பள்ளி விட்டதும் தெருக்கோடியில் ஓர் அத்தை வீட்டுக்குப் போவேன். சொந்த அத்தை இல்லை. தையல் வேலை செய்தவர். அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் ஆணி அடித்திருந்தார், என் கைக்கு எட்டுகிற உயரத்தில். பையை அதில் மாட்டிவிட்டு, மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவில் இருக்கும் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரிப்பேன். தலைக்கு மேலே மெஷின் ஓடும். அவர் அதிகம் பேசமாட்டார். நூல் அறுந்தால் மட்டும், "கோத்துக் கொடு கண்ணு, உன் கண்ணு நல்ல கண்ணு" என்று ஊசியை நீட்டுவார்.

ஒருநாள் போனேன். வீடு பூட்டியிருந்தது. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே, இனிமே நீ எங்க வீட்டுக்குத்தான் வரணும், அம்மா சொல்லலியா?" என்றார். அம்மாவுக்கு ஒரு மாதமாகவே தெரியும். அழுவேன் என்று சொல்லவில்லையாம். முந்தின நாள் நான் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்திருந்தேன், பாதிப் பொத்தான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதனால்தான் அத்தை போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நான் செய்தது தெரிந்துவிடுமே. எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஏதோ பேச்சில் அம்மா, "அவங்க மகனுக்கு வேலை மாற்றலாச்சு, அதான் போனாங்க" என்றார். அதுவரை அந்தப் பொத்தான்களை நான் சுமந்துகொண்டிருந்தேன்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவரும் உங்களைப் போல ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் உங்களைத் திட்டுவேன், ர. பிள்ளை பயந்துவிடுவான் என்று நீங்கள் சொல்வது அவன் பயத்தை இல்லை, உங்கள் பயத்தை. அவன் அழுதால் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது, அதுதான் விஷயம். உங்களுக்கு மூன்றரையிலிருந்து ஏழு வரை ஓர் ஆள் குறைகிறது. அவனுக்கு அப்படி இல்லை. மூன்று வருடம் நமக்குச் சின்னது, அவனுக்கு நினைவு தெரிந்த நாள் முழுக்க அந்தப் பெரியம்மாதான். காரணம் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கும்.

அதனால் இன்று ராத்திரியே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். யார் போகிறார், ஏன் போகிறார், என்றைக்கு என்று சொல்லுங்கள். அடுத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், "அப்பாவும் நானும் தேடிக்கிட்டிருக்கோம், தெரிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்வேன்" என்று. அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். அந்தப் பெரியம்மாவிடமும் பேசுங்கள், அவரே அவனிடம் ஒருமுறை தன் வாயால் சொல்லட்டும். புது ஆள் கிடைத்ததும், முடிந்தால் இரண்டு மூன்று நாளாவது பழையவரும் கூட இருக்கட்டும். பள்ளி விட்டு வந்ததும் அவனுக்குக் கொஞ்ச நேரம் பேசப் பிடிக்காதா, எதற்கு முகம் சுருக்குவான் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம், கடைசி நாளன்று அவனைக் கூட்டிவர நீங்களே போங்கள், அரைநாள் விடுப்பு எடுத்தாவது. அவன் பொருள்கள் அந்த வீட்டில் எங்கெங்கே இருக்கின்றன என்று அவனே காட்டட்டும், அவன் கையாலேயே எடுத்து வரட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.