இனப்படுகொலை மறுப்பைத் திரைப்படமாக எடுப்பது ஏன் கடினம்?

முதல் சிக்கல், மறுப்பவரையும் திரையில் பேசவிட்டாக வேண்டும். நல்ல நடிகர் பேசினால் பொய்யும் எடுபடும். "நாஜிக்கள் யூதர்களைக் கொன்றதாகச் சொல்லும் விஷவாயு அறையின் கூரையில், விஷத்தைப் போடத் துளையே இல்லை" என்று சொல்ல மூன்று விநாடி போதும். அதை உடைக்கவோ வரைபடம், கடிதம், சாட்சியம் எல்லாம் வேண்டும். பதிலை அடுத்த காட்சிக்குத் தள்ளினால் பார்ப்பவர் மனதில் பொய்தான் தங்கும்.

2016-இல் வந்த 'டினையல்' படத்தைப் பாருங்கள். நாஜிக்களின் யூத இனப்படுகொலையை மறுத்துவந்த டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது இங்கிலாந்தில் தொடுத்த அவதூறு வழக்குதான் கதை. அந்நாட்டுச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு லிப்ஸ்டாட் தரப்புக்கு. நீதிமன்ற வசனங்களைத் திரைக்கதையாசிரியர் டேவிட் ஹேர் விசாரணைப் பதிவிலிருந்தே எடுத்தார். சரியான முடிவு: ஒரு வரியைக் கற்பனையாகச் சேர்த்தாலும், "பார்த்தீர்களா, எல்லாமே புனைவு" என்று மறுப்பாளர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கு விலையும் உண்டு. இர்விங்கின் குறுக்கு விசாரணைக்கு இடம் தரக்கூடாதென்று லிப்ஸ்டாட்டையும் உயிர்தப்பியவர்களையும் வழக்கறிஞர்கள் கூண்டில் ஏற்றவில்லை. ஆக, கதாநாயகி நீதிமன்றத்தில் வாய் திறப்பதே இல்லை! திரைக்கதைக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. அந்த அடக்கிய கோபத்தையே படம் நாடகமாக்குகிறது.

2000 ஏப்ரலில் இர்விங் தோற்றார். மறுப்பதை நிறுத்தவில்லை, படம் அதையும் காட்டுகிறது.