வாசகர் கேள்வி: ஒரே சாமிக்கு சீனாவுல ஏன் ரெண்டு பேரு?

கேள்வி: என் பையன் சிங்கப்பூர்ல வேலை பாக்குறான். கூட வேலை செய்யுற சீனப் பசங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போறவங்க, ஆனா கத்தோலிக்க பையன் கடவுளை தியென்சூங்கிறான், மத்தவன் ஷாங்திங்கிறான். வேற வேற சாமியா சார்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அதே சாமிதாம்மா. பேருக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷச் சண்டை இருக்கு, அதுல நம்ம ஊரும் கொஞ்சம் வருது.

முதல்ல ஜப்பானைச் சொல்லிடுறேன். உங்க கடற்கரையில ஊர் ஊரா நடந்த சவேரியார் 1549ல ககோஷிமா போய் இறங்கினார். பாஷை தெரியாது, கூட வந்த ஜப்பான்காரர் அஞ்சிரோ சொல்லிக் கொடுத்தபடி கடவுளை ‘தைநிச்சி’ன்னு பிரசங்கம் பண்ணாரு. அது ஷிங்கோன்னு அங்க இருக்குற ஒரு பௌத்தப் பிரிவோட பெரிய புத்தர் பேரு, அதனால பிக்குகளே நம்ம ஆளுதான்னு வரவேற்பு கொடுத்தாங்க. விஷயம் புரிஞ்சதும் பதறிப்போய் ‘தேயுஸ்’னு லத்தீன் வார்த்தையையே வச்சாரு, அதை ஜப்பான்காரங்க ‘தைஉசோ’ன்னு திரிச்சாங்க, பெரிய பொய்னு அர்த்தம். உள்ளூர் சொல்லை எடுத்தா அதோட பழைய சாமியும் கூடவே வருது, வெளியூர் சொல்லை வச்சா மனசுல ஒட்டவே மாட்டேங்குது, மிஷனரிங்க எல்லாருமே மாட்டிக்கிட்ட இடம் இதுதான்.

சீனாவுக்கு 1583ல போன இயேசு சபைச் சாமியார் ரிச்சி அவசரப்படல. மொதல்ல பிக்கு மாதிரி உடுத்தினவரு, அங்க மரியாதை படிச்சவங்களுக்குத்தான்னு தெரிஞ்சதும் அவங்க உடுப்புக்கு மாறி சீன ஞானி கன்ஃபூசியஸோட நூல்களை உக்காந்து படிச்சாரு. வானத்து ஆண்டவர்னு அர்த்தம் வர்ற தியென்சூவையும் வச்சுக்கிட்டாரு, பழைய நூல்கள்ல வர்ற ஷாங்தி, அதாவது மேலான அரசர், அதுவும் நம்ம கடவுள்தான்னாரு. முன்னோருக்கு ஊதுபத்தி ஏத்துறது மரியாதை, வழிபாடு இல்லன்னும் விட்டாரு. 1692ல காங்ஷி பேரரசரே கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்தாரு.

அப்புறம் வந்த டொமினிக்கன்ங்கிற வேற கத்தோலிக்க சபைச் சாமியாருங்க இதை எதிர்த்தாங்க. அவங்க பயமும் சும்மா இல்ல, கிராமத்து ஜனங்க செத்தவங்க ஆவி வந்து படையலைச் சாப்பிடுதுன்னே நம்புறதைக் கண்ணால பாத்தவங்க. கேஸ் ரோமுக்குப் போச்சு. போப்பாண்டவரோட தூதரா துர்னோன் வந்தாரு, வழியில பாண்டிச்சேரியில தங்கி 1704ல மதுரை மிஷனோட பழக்கங்களுக்கும் தடை போட்டாரு, பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. மதுரையில சந்நியாசி மாதிரி வாழ்ந்த இயேசு சபைச் சாமியார் நொபிலி காலத்து வழக்கங்களுக்கு 1623ல ரோமே அனுமதி கொடுத்திருந்தது, இவரு சில மாசம் தங்கிட்டு மறுத்துட்டாரு. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாத இடம் இது. 1715ல போப் கிளமென்ட் ஷாங்தி கூடாது, தியென்சூ மட்டும்தான், முன்னோர் சடங்கும் கூடாதுன்னு முடிவாச் சொல்லிட்டாரு. அதைப் படிச்ச காங்ஷி, நம்ம நூல் ஒண்ணுமே தெரியாதவங்க இப்படிப் பேசுறாங்களேன்னு கோபப்பட்டு 1721ல மிஷனையே தடை பண்ணிட்டாரு. அனுமதி கிடைச்ச முப்பது வருஷத்துக்குள்ள எல்லாம் போச்சு. சீன எழுத்து ஒண்ணு கூட படிக்கத் தெரியாதவங்க சீன வார்த்தைக்குத் தீர்ப்பு எழுதினது பெரிய தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

கத்தோலிக்க பையன் தியென்சூன்னு சொல்றது அந்தத் தீர்ப்பாலதான். மத்தவன் புராட்டஸ்டன்ட்டா இருப்பான். 1807ல ஆரம்பிச்சு வந்த புராட்டஸ்டன்ட்காரங்களுக்கு ரோம் தீர்ப்பு கிடையாது, ஆனா அவங்களுக்குள்ளயே ஷாங்தியா, இல்ல தெய்வம்னு பொதுவா சொல்ற ஷென்னான்னு சண்டை, 1919ல வந்த சீன பைபிளை ரெண்டு பதிப்பாவே போட்டாங்க. நம்மூர்லயும் எங்க பாட்டி சர்வேசுரான்னுதான் கும்பிடும், பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ அக்கா பராபரனேன்னு பாடுவாங்க, ரெண்டு பேரும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்தவங்க.

அந்தக் கத்தோலிக்க பையன்கிட்ட, வீட்ல தாத்தா போட்டோ முன்னாடி ஊதுபத்தி ஏத்துவீங்களான்னு உங்க பையனை கேக்கச் சொல்லுங்க. 1939ல ரோம் அந்தத் தடையைத் தளர்த்திடுச்சு.