கைகுலுக்கலும் 138 மணி நேரமும்

கேள்வி: சார்க் நாடுகள் எட்டும் கைகோத்து நின்றால் ஆசியானை மிஞ்சும் சந்தையாகத் தெற்காசியா வளர்ந்துவிடாதா? இதற்குத் தலைவர்கள் முன்வராதது ஏன்? பொது நாணயம் சாத்தியமா?
– பொருளியல் மாணவர் ஒருவர்

பதில்: கை விஷயத்தில் சார்க்கைக் குறை சொல்லவே முடியாது நண்பரே. 1985-இல் டாக்காவில் பிறந்த, தெற்காசிய நாடுகளின் அந்த ஒத்துழைப்பு அமைப்பின் வரலாற்றில் மக்கள் நினைவில் நிற்பவை எல்லாம் கைகள்தான். 2002 ஜனவரி, காத்மாண்டு. பேசி முடித்த பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தன் இருக்கைக்குத் திரும்பாமல் நேராக வாஜ்பாயிடம் நடந்து போய்க் கையை நீட்டினார். வாஜ்பாய் எழுந்து குலுக்கினார். அரங்கம் கைதட்டியது (அதுவும் கைதான்). பிறகு தன் முறை வந்தபோது, நட்புக் கரம் நீட்டி லாகூருக்குப் போய் வந்ததற்குப் பலனாகக் கார்கில் போர் கிடைத்ததை வாஜ்பாய் நினைவூட்டவும் தவறவில்லை. 2014 நவம்பர், மறுபடியும் காத்மாண்டு. மோடியும் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபும் குலுக்குவார்களா மாட்டார்களா என்று தொலைக்காட்சிகள் மாநாடு முழுவதும் தவம் கிடந்தன. கடைசி நாளில் குலுக்கினார்கள். தவம் பலித்தது.

அதே மாநாட்டில் கையெழுத்துக்காக மூன்று ஒப்பந்தங்கள் காத்திருந்தன. ஒன்று வாகனப் போக்குவரத்து, ஒன்று ரயில், ஒன்று மின்சாரம். உள்நாட்டு நடைமுறைகள் இன்னும் முடியவில்லை என்று பாகிஸ்தான் சொன்னதால் முதல் இரண்டும் நின்றுபோயின. மின்சாரம் மட்டும் தப்பியது. இதை நினைவில் வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. 2016-இல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது, காஷ்மீரின் உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டதோடு கைவிடப்பட்டது.

தலைவர்கள் முன்வராதது ஏன் என்று கேட்கிறீர்கள். முன்வந்தபோது என்ன நடந்தது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? 2004-இல் தடையற்ற வணிகப் பகுதிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். 2006-இல் அது நடைமுறைக்கும் வந்தது. கூடவே ஒவ்வொரு நாடும் ‘இந்தப் பொருள்களுக்குச் சலுகை கிடையாது’ என்று ஒரு நீண்ட பட்டியலையும் இணைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் எதை நன்றாகச் செய்கிறாரோ, அதைப் பார்த்துப் பொறுக்கி எழுதிய பட்டியல். இன்றும் இந்த நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது ஏறத்தாழ 5 சதவீதம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் அது கால் பங்குக்கு அருகில்.

நான் கைக் கட்சி அல்ல, லாரிக் கட்சி. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழைய புராணம்; பொறுத்தருள்க. மேற்கு வங்காளத்தின் பெட்ராபோலையும் அந்தப் பக்கம் பங்களாதேஷின் பெனாபோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையைச் சரக்கு கடக்க 138 மணி நேரம் ஆகிறது என்று 2021-இல் உலக வங்கி கணக்கிட்டது. அதில் 28 மணி நேரம், ஒரு நாட்டு லாரியிலிருந்து இறக்கி மறு நாட்டு லாரியில் ஏற்றுவதற்கு மட்டும். இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் 2009-இலேயே தங்கள் எல்லையான சிருண்டுவில் இரு நாட்டு அதிகாரிகளையும் ஒரே கட்டடத்தில் உட்காரவைத்து, லாரி ஒரு தடவை நின்றால் போதும் என்று ஆக்கிவிட்டன. இந்திய நிறுவனம் ஒன்று பங்களாதேஷோடு வணிகம் செய்வதைவிட ஜெர்மனியோடோ பிரேசிலோடோ செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவு என்பதும் அதே உலக வங்கியின் கணக்கு.

இப்படி எழுதும்போதெல்லாம் ஒரு பேராசிரியர் எனக்குப் பாடம் நடத்திக் கடிதம் போடுவார். 1962-இல் டச்சுப் பொருளியலாளர் யான் டின்பெர்கன் சொன்ன ஈர்ப்பு விதியை நான் படிக்கவில்லையாம்: நாடுகள் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் அவற்றுக்கிடையே வணிகமும் பெருகும். படித்திருக்கிறேன் ஐயா. ஆனால் தெற்காசியாவில் மரத்திலிருந்து உதிரும் ஆப்பிள் நேராகத் தரைக்கு வருவதில்லை, துபாய் போய்விட்டுத்தான் வருகிறது. மும்பைச் சரக்கு அரபிக் கடலைத் தாண்டி, துபாயில் வேறு காகிதம் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுச் சரக்காகக் கராச்சியில் இறங்கிய கதை ஊரறிந்தது. 1996-இல் இந்தியா பாகிஸ்தானுக்கு ‘மிகவும் வேண்டிய நாடு’ என்ற தகுதியைக் கொடுத்தது; மற்ற நாடுகளுக்குக் கொடுக்கும் வரிச் சலுகை உனக்கும் உண்டு என்று பொருள். பாகிஸ்தான் பதிலுக்கு அந்தத் தகுதியைக் கொடுக்கவே இல்லை. 2019-இல் காஷ்மீரின் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் அதைப் பறித்து, 200 சதவீத வரி போட்டது. நியூட்டனுக்கு இங்கே சுங்க அனுமதி கிடைப்பது கடினம் என்பதைப் பேராசிரியர் தம் அடுத்த கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பகை நாடுகளை விடுங்கள், நட்பு நாடுகளின் கதை என்ன? 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் தரை எல்லை வழியாக வரும் இந்திய நூலிழையை நிறுத்தியது. அடுத்த மாதம் இந்தியா, பங்களாதேஷின் ஆயத்த ஆடைகளுக்குத் தரை வழியை அடைத்து, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்களுக்குப் போகச் சொன்னது. இரண்டுக்கும் அறிவிக்கை ஒன்று போதுமானதாக இருந்தது. உச்சி மாநாடு தேவைப்படவில்லை.

தடை எல்லாம் தலைநகரங்களில் மட்டும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். லாரி காத்து நின்றால் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கட்டணம், சுமை தூக்குபவருக்குக் கூலி, காகிதம் தயாரிக்கும் முகவருக்குத் தரகு. தாமதத்தை நம்பி அடுப்பெரியும் வீடுகள் அங்கே உண்டு. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்ற கேள்விக்கு ஒருங்கிணைப்பு பேசும் ஆய்வறிக்கைகளில் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம்.

லாரிகள் தடையின்றி ஓட, பாகிஸ்தானை விட்டுவிட்டு இந்தியா, பங்களாதேஷ், பூட்டான், நேபாளம் ஆகிய நான்கு நாடுகள் 2015-இல் திம்புவில் தனி ஒப்பந்தம் போட்டன. விருந்தளித்த பூட்டானின் மேலவையே மறு ஆண்டு அதை நிராகரித்தது. வெளியூர் வண்டிகள் பெருகினால் தங்கள் மலையும் காற்றும் தாங்காது என்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே போடும் கையெழுத்தைவிட இந்த மறுப்பில் நாணயம் இருக்கிறது. மின்சாரத்துக்கோ வண்டியும் வேண்டாம், நிறுத்துமிடமும் வேண்டாம். 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக பங்களாதேஷ் போய்ச் சேர்ந்தது. காத்மாண்டுவில் அன்று தப்பிய ஒப்பந்தம் மின்சாரத்துக்கானது என்பது நினைவிருக்கட்டும்.

பொது நாணயமா? பாதி வந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமம். நேபாள ரூபாய் 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்று கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு விலையாக, அந்த இரு நாடுகளும் தங்கள் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் முன் மும்பையின் ரிசர்வ் வங்கியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதமா என்று டாக்காவையும் கொழும்பையும் நீங்களே கேட்டுப் பாருங்கள். இஸ்லாமாபாத்தைக் கேட்க என்னை அனுப்பாதீர்கள்.