வாங்குவோர் கேள்வி-பதில்: பெரிய லெகோ கடைக்குப் போகுமுன்

கோடை விடுமுறை வருகிறது. லண்டன், சிங்கப்பூர் போகிற குடும்பங்களிடமிருந்து லெகோ கட்டைகள் பற்றிக் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

மே மாதம் லண்டனில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். எட்டு வயது மகன் லெஸ்டர் சதுக்கத்து லெகோ கடைதான் வேண்டும் என்கிறான். என்றைக்குப் போகலாம்? என்ன வாங்கலாம்?
*ஒரு தாய், காரைக்குடி*

ஞாயிறு வேண்டாம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டுமே விற்கலாம் என்று 1994-ம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது. இந்தக் கடை 2016 நவம்பரில் திறந்தபோதே இரண்டு தளமாக 914 சதுர மீட்டர். நேரம் குறைவு, கூட்டம் அதிகம், வாசலிலேயே வரிசை. வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பாதாள ரயிலில் லெஸ்டர் ஸ்கொயரிலோ பிக்காடில்லி சர்க்கஸிலோ இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

உள்ளே போனதும் பெட்டிகள் பக்கம் திரும்பாதீர்கள். வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காதவற்றை முதலில் முடியுங்கள். லெகோவின் குட்டி மனிதப் பொம்மையின் சட்டையில் நாமே படம் வரைந்து அச்சடித்து வாங்கும் இயந்திரம் அங்கே உண்டு. அதற்குத்தான் காத்திருக்க வேண்டிவரும், அதனால் அதுவே முதல் வேலை. அடுத்தது, குட்டி மனிதர்களை நாமே சேர்க்கும் மேசை. கால், உடல், தலை, முடி அல்லது தொப்பி, கையில் ஒரு பொருள் என்று பொறுக்கி, மூன்று பேரை ஒரே உறையில் விற்பார்கள். உறையை மூடுமுன் உடலைத் திருப்பி முதுகுப் பக்க அச்சையும் பாருங்கள். பலர் கைபட்ட தொட்டி அது, கீறல் விழுந்தவையும் கிடக்கும். மூன்றாவது, உதிரிக் கட்டைச் சுவர். சுவரிலுள்ள தொட்டிகளிலிருந்து வேண்டிய கட்டைகளைப் பொறுக்கி, ஒரு கோப்பை நிறைய வாங்குவது. அதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

பெட்டிகள் கடைசியில். நம் ஊரிலும் கிடைக்கிற பெட்டியை அங்கிருந்து தூக்கி வர வேண்டியதில்லை. பெட்டி மேலுள்ள எண்ணைக் கைபேசியில் தட்டி இந்திய விலையோடு ஒப்பிடுங்கள். இந்தியா பொம்மைகளின் இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏற்றியது. அதனால் பெரிய பெட்டிகளில் வித்தியாசம் தெரியும், சின்னவற்றில் சூட்கேஸில் இடம் போகிறதுதான் மிச்சம். அவனுக்கு இன்னது, இவ்வளவு என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கடைக்குள் போன பிறகு பேசினால் எடுபடாது.

வாங்கியதற்கு விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்களாமே?
*தேவகோட்டை வாசகர்*

லண்டனில் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரித் திருப்பத்தை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். விலைச்சீட்டில் உள்ள தொகைக்குள் 20 சதவீத வரி அடங்கியிருக்கிறது, அது போனது போனதுதான். நியூயார்க்கில் நேர்மாறு. சீட்டில் வரி இருக்காது, கல்லாவில் 8.875 சதவீதம் சேரும். அதுவும் திரும்பாது.

சிங்கப்பூரில் உண்டு. வரி 9 சதவீதம். ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில், மூன்று பில்கள் வரை சேர்த்து 100 வெள்ளி எட்டியிருக்க வேண்டும். வாங்கும்போதே உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். அங்கே வேலை பார்க்கிற மருமகன் வாங்கினால் அவருக்குக் கிடையாது, பயணியாக வந்த நீங்களே வாங்க வேண்டும். பொருள் விமானத்தில் ஒப்படைக்கிற சூட்கேஸில் போகிறதென்றால், சாமானை ஒப்படைப்பதற்கு முன்பே சாங்கி நிலையத்து இயந்திரத்தில் பதிவை முடித்துவிடுங்கள். ஒப்படைத்துவிட்டுப் போனால், அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது காட்ட எதுவும் இருக்காது.

சிங்கப்பூரில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜொகூர் லெகோலேண்ட் பார்த்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். அந்த 9 சதவீதம் கிடைக்குமா?
*பள்ளத்தூர்*

கிடைக்காது. சிங்கப்பூரை விட்டுத் தரைவழியே புறப்படுகிறவர்களுக்கு அது இல்லை.

நம் செட்டிநாட்டு வீட்டை லெகோவில் கட்டிப் பார்க்க மகளுக்கு ஆசை. உதிரிச் சுவரில் என்னென்ன எடுத்து வரச் சொல்லட்டும்? கோப்பை விலை கட்டுப்படியாகுமா?
*கானாடுகாத்தான் வாசகி*

நல்ல ஆசை. முதலில் அளவைத் தீர்மானியுங்கள், இல்லையென்றால் பாதியில் நின்றுபோகும்.

லெகோ கட்டையின் தலையில் புடைத்திருப்பதுதான் குமிழ். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6, மூன்று தகடு அடுக்கினால் ஒரு கட்டை. குட்டி மனிதர்கள் நடமாடும் அளவில் 160 அடி நீள வீட்டைக் கட்டப் போனால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், கட்டை வாங்கி மாளாது. 200-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதே வீடு 24 செ.மீ. 32 குமிழ் அடித்தகடு 25.6 செ.மீ. கச்சிதமாக உட்காரும். இந்த அளவில் ஒரு குமிழ் 1.6 மீட்டர்.

வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும் உள்ள பகுதியில்தான், பலர் தவறுகிறார்கள். திறந்த முற்றத்தை 6-க்கு 4 குமிழ் என்று இரட்டைப்படையில் வைத்தால், ஒன்று விட்டு ஒன்று தூண் நிறுத்தும்போது நாலு மூலையிலும் தூண் விழாது. 7-க்கு 5 என்று வையுங்கள். சுற்றி வரும் வரிசையில் 28 குமிழ், அதில் 14 தூண், மூலை நான்கிலும் தூண். ஒரு தூணுக்கு ஒரு குமிழ் உருளைக் கட்டை இரண்டு. மொத்தம் 28, உடைவதற்கும் தொலைந்துபோவதற்கும் இன்னும் ஆறு. உயரம் ஏறக்குறைய 12½ அடி வரும், பார்க்கப் பொருத்தமாக இருக்கும். நிறம் அடர்பழுப்பு.

ஆத்தங்குடிக் கல் தரைக்குக் குமிழில்லாத வழவழப்புத் தகடு, ஒரு குமிழ் அளவில், இரண்டு மூன்று நிறம். கூரைக்குச் சரிவுக் கட்டை, செங்காவி நிறம் கிடைத்தால் அதிருஷ்டம். சுவருக்கு வெள்ளைக் கட்டை ஏராளமாக வேண்டும். அதை மட்டும் கோப்பையில் நிரப்பாதீர்கள், சாதாரணப் பெட்டிகளிலேயே கிடைக்கும்.

கோப்பைக்கு ஒரே விலை, உள்ளே என்ன இருந்தாலும் அதே விலை. ஆகவே கட்டுப்படியாவதும் ஆகாததும் நிரப்புகிற கையில் இருக்கிறது. அள்ளிக் கொட்டினால் பாதி காற்று. பெரிய கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டித் தூண் தூணாக நிறுத்துங்கள். இடுக்குகளில் ஒரு குமிழ் உருளைகளையும் தகடுகளையும் இறக்குங்கள். சில கோப்பைகளில் மூடியின் மேல் ஒரு குமிழ் புடைத்திருக்கும். அது உள்ளே வெற்றிடம், அதையும் சின்னத் துண்டுகளால் அடைத்துவிட்டு மூடுங்கள். மூடி முழுதாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் கல்லாவில் கொட்டச் சொல்வார்கள். பொறுமையாக நிரப்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் இன்றைக்கு இருக்கிற நிறம் நாளைக்கு இருக்காது, கடைக்குக் கடையும் மாறும். நிறப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கினால் நிறையக் கட்டை இருக்கும்தானே?
*புதுவயல்*

இல்லை. எண்ணிக்கை பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, அதைப் படியுங்கள்.

இணைய விளம்பரத்தில் "ஒரிஜினல் லெகோ, 1,500 கட்டை" என்று பார்த்து 1,999 ரூபாய்க்குப் பேரனுக்கு வாங்கினேன். ஒன்றோடொன்று பிடிக்கவே இல்லை, சில கட்டை பிடித்தால் கழலவில்லை. விரலைக் கிழிக்கிற விளிம்பு. விற்றவர் பதிலே தரவில்லை. என் தவறா தம்பி?
*ஓர் ஆச்சி, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்*

உங்கள் தவறில்லை ஆச்சி. ஒரிஜினல் என்று எழுதி விற்றவர் செய்த மோசடி அது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏமாற்று நம் பக்கத்தில் பெருகிவிட்டது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28-ல். அந்த உரிமை எப்போதோ முடிந்துபோனது. கட்டையின் வடிவத்தையே வணிக முத்திரையாகக் காக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் சொல்லிவிட்டது. ஆகவே லெகோவோடு பொருந்துகிற கட்டையை யாரும் தங்கள் பெயரில் செய்யலாம், விற்கலாம். அதில் குற்றமில்லை, நல்ல தரத்தில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் சரக்கின் மேல் அடுத்தவன் பெயரைப் போட்டு விற்பதுதான் குற்றம். லெபின் என்ற பெயரில் லெகோ பெட்டிகளைப் படமும் கட்டையும் மாறாமல் நகலெடுத்த சீனக் கும்பலை 2019-ல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது. தலைவனுக்கு 2020-ல் ஆறு ஆண்டு சிறை. அந்த ரகச் சரக்கு இன்றும் பெயர் மாறி உலவுகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் நான் வாங்கிய பெட்டியும் அதே ரகம்தான். குமிழில் பெயரில்லாமல் மொட்டை, கதவு மூடவில்லை.

போலியில் என்ன கெடுகிறது என்றால், அளவு. ஒரு கட்டையில் 0.05 மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்குத் தெரியாது. முப்பது வரிசை ஏறினால் 1.5 மில்லிமீட்டர். கோபுரம் சாயும், பக்கத்துச் சுவரோடு சேராது, பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பார்க்க வேண்டியது இரண்டு. அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் பெயர் பொறித்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். இந்தியாவில் விற்கிற பொம்மை என்றால், அசலோ வேறு நிறுவனமோ, பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். இங்கே வாங்கியதில் முத்திரை இல்லையென்றால் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. விளம்பரம், பில், பெட்டி, மொட்டைக் குமிழ் எல்லாவற்றையும் படமெடுங்கள். எதையும் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டில்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தளம் எதுவும் இல்லாமல் தனி ஆளுக்குக் கைபேசி வழியே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். 1,999 ரூபாய்தானே என்று விடாதீர்கள் ஆச்சி. சின்னத் தொகைக்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் விற்கிறார்கள்.

சிங்கப்பூரில் தெரிந்தவர் மூலம் மூன்று பெரிய பெட்டி வாங்கினேன். பில் வாங்கவில்லை, பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டேன். மூன்று பெட்டியின் பைகளையும் ஒன்றாகக் கொட்டிவிட்டோம். இப்போது கட்டை குறைகிறது. நிறுவனம் ஏமாற்றிவிட்டதா?
*கோட்டையூர்*

பில் இல்லை, பெட்டி இல்லை, மூன்றும் ஒரே குவியல். இதற்குப் பிறகு நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. பைகளை எடைபோட்டுத்தான் அனுப்புகிறார்கள், குறைவது அபூர்வம். எடையில் பிடிபடாத மிகச் சின்னத் துண்டுகளில் ஒன்று கூடுதலாகவே போடுவார்கள். 2021-லிருந்து பைகளைக் காகிதத்துக்கு மாற்றி வருகிறார்கள், அதன் மடிப்பு மூலையில் சின்னத் துண்டு ஒட்டிக்கொள்ளும். பைகள் குப்பைக்குப் போகாதிருந்தால் கிழித்து விரித்துப் பாருங்கள். அதன் பிறகு, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள கட்டைப் பட்டியலை வைத்து மூன்றையும் பிரியுங்கள். உண்மையிலேயே இல்லாத துண்டுக்கு, பெட்டி எண்ணும் பட்டியலில் அந்தத் துண்டுக்குக் கீழுள்ள எண்ணும் கொடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதலாம். இனி ஒரு பெட்டியை முடிக்காமல் அடுத்ததைப் பிரிக்க வேண்டாம்.

பிரிக்காமல் பீரோவில் வைத்தால் பின்னால் தங்கம் மாதிரி விலை ஏறுமாமே?
*கீழச்சிவல்பட்டி*

தங்கம் வேண்டுமானால் தங்கமே வாங்குங்கள். பொம்மையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இரண்டு வயதுப் பேத்திக்கு அங்கே என்ன வாங்கலாம்?
*பொன்னமராவதி*

லெகோவின் பெரிய கட்டை வகையான டூப்லோ மட்டும். சாதாரணக் கட்டையைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பு, வாய்க்குள் போகாது. பின்னால் சாதாரணக் கட்டையோடும் பூட்டிக்கொள்ளும், அதனால் வீணாகாது. மூன்று வயது நிரம்பும்வரை சின்னக் கட்டையை வீட்டுத் தரையில் சிந்தவிடாதீர்கள்.

பெரிய பெட்டிகளை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது? சுங்கத்தில் பிடிப்பார்களா?
*கண்டனூர்*

பெட்டியைப் பிரித்துவிடுங்கள், உள்ளே பாதி வெற்றிடம். ஓரத்தைக் கத்தியால் சீவித் தட்டையாக மடித்தால் சூட்கேஸின் அடியில் கிடக்கும். எண் போட்ட காகிதப் பைகள் கிழியக்கூடியவை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஜிப் உறையில் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஒட்டும் படங்கள் மடங்கினால் தீர்ந்தது, அவற்றைக் கையேட்டின் நடுப்பக்கத்தில் செருகுங்கள்.

சுங்கச் சலுகை வரம்பு 2016 விதியில் ஆளுக்கு 50,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அரசு இதை மாற்றக்கூடியது, கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை எதுவானாலும் ஒருவர் சலுகையை மற்றவர் சலுகையோடு கூட்ட முடியாது. வரம்பைத் தாண்டிய ஒரே பெட்டியைக் கணவன் பாதி மனைவி பாதி என்று காட்ட விடமாட்டார்கள். ஒரே மாதிரிப் பெட்டி பத்து கொண்டுவந்தால் விற்பனைச் சரக்கு என்று நிறுத்துவார்கள். பில்களைக் கைப்பையில் வையுங்கள், சூட்கேஸில் வைக்காதீர்கள்.